ஊசி எந்தப் பையில் வந்தது

11.6.2024, செவ்வாய்

இன்று ஆபரேஷன் தியேட்டரில் மூச்சுவிட நேரமில்லை. கால் இரண்டும் தூண் மாதிரி வீங்கிவிட்டன. வீட்டுக்காரர் பவுல்ராஜ் வெந்நீர் வைத்துக் கொடுத்துவிட்டு, "சாப்பிடுறப்ப மட்டும் ஆஸ்பத்திரிப் பேச்சு வேணாம் பிரிஸ்கில்லா" என்றார். சாப்பிட்ட பிறகும் அவருக்கு அது வேண்டாம் என்று எனக்குத் தெரியாதா? அதனால்தான் இங்கே எழுதுகிறேன். நோட்டு கொட்டாவி விடாது.

எரிச்சல் வேலையால் வந்தது அல்ல. அந்த நீலத் துணியால். ஒவ்வோர் ஆபரேஷனுக்கும் கத்தி, கத்தரி, இடுக்கி எல்லாவற்றையும் நீல ஷீட்டில் இரட்டையாகச் சுற்றி, நீராவியில் கிருமி நீக்கி வைத்திருப்போம். நோயாளியை உள்ளே கொண்டுவருவதற்கு முன்பே பிரித்துவிடுவோம். பிரித்ததும் அதன் ஆயுள் முடிந்தது. ரத்தம் படவில்லை, மருந்து படவில்லை. எங்கள் வீட்டுப் படுக்கை விரிப்பைவிடச் சுத்தம். அதை எடுத்து, ரத்தப் பஞ்சோடு சேர்த்து மஞ்சள் பையில் திணிக்கிறோம். வண்டி வந்து அள்ளிப்போய் எரிக்கிறது. பேர்தான் துணி, முழுக்கப் பிளாஸ்டிக்.

கொரோனாவுக்கு முன்னால் பச்சைப் பருத்தித் துணியைத் துவைத்துத் துவைத்துச் சுற்றினோம். அப்புறம் எல்லாமே ஒரு தடவைக்குத்தான் என்று ஆகிவிட்டது. உறை, கவுன், தொப்பி, காலுறை. நானும் தலைமை நர்ஸ் என்ற பட்டத்தோடு திணித்துக்கொண்டே இருக்கிறேன்.

சுகன்யாவிடம் போனில் புலம்பினேன். கோயம்புத்தூர் ஹாஸ்டலில் நானும் அவளும் ஒரே அறை. நான் அப்போது புது நர்ஸ், அவள் மில்லில் நூல் சோதிக்கிறவள். ஒட்டன்சத்திரத்துக்காரி. இப்போது வத்தலக்குண்டு சாலையில் ஷெட் போட்டுப் பை தைக்கிறாள். "ஏம்புள்ள, அத்தனையும் எரிக்கறீங்களா? எனக்குக் குடு புள்ள. நான் அதை என்னென்ன பண்றேன்னு பாரு" என்றாள்.

14.6.2024

மேனேஜர் இளஞ்செழியனிடம் பேசினேன். ஆஸ்பத்திரி பெரிய டாக்டருடையது. இவர் டாக்டரின் மருமகன்.

மண், காற்று, வருங்காலப் பிள்ளைகள் என்று ஆரம்பித்தேன். போனைத் தடவிக்கொண்டே தலையாட்டினார். "மஞ்சள் பை எடை பாதியாக் கொறையும் சார். எரிக்கிறவங்க எடைக்குத்தானே பில் போடுறாங்க?" என்றேன். போனைக் கவிழ்த்து வைத்தார்.

நிபந்தனையை நானே போட்டேன். ஷீட்டைப் பிரித்ததும் தனி வெள்ளைப் பையில் போட வேண்டும். நோயாளி தியேட்டருக்குள் வருவதற்கு முன்பே பையின் வாயைக் கட்டி வெளியே வைத்துவிட வேண்டும். அப்படிச் செய்தால் ரத்தமோ ஊசியோ அதற்குள் போக வழியே கிடையாது.

"நீங்க இருக்கப்ப எனக்கென்ன சிஸ்டர் கவலை" என்றார்.

1.7.2024

ஆரம்பித்துவிட்டோம். டெக்னீஷியன் டோனி முணுமுணுக்கிறான்: "குப்பைக்கும் இனிமே பரீட்சை வச்சு மார்க் போடுவீங்களா சிஸ்டர்?" போடுவேன் என்றேன்.

20.7.2024, சனி

சுகன்யாவின் ஷெட்டுக்குப் போனேன். ஆடிக் காற்று. பஸ்ஸை விட்டு இறங்கியதும் வாய் முழுக்க மண்.

நீள மேசையில் எங்கள் ஷீட்டுகள் மலைபோலக் கிடந்தன. அவற்றைப் பிரித்துப் பார்க்கிறவள் கருப்பம்மாள். சித்தையன்கோட்டைப் பக்கம். என்னைவிடப் பத்து வயது மூத்தவளாக இருப்பாள். ஒவ்வொரு ஷீட்டையும் ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, கறை இருக்கிறதா, கிழிசல் இருக்கிறதா என்று பார்த்துத் தள்ளுகிறாள். வாய் மட்டும் ஓயவில்லை.

"ஆஸ்பத்திரித் துணின்னதும் எம்மக பொன்னழகு போகாதன்னுச்சு சிஸ்டரு. நாந்தேன் சொன்னேன், ஆஸ்பத்திரின்னா அம்புட்டும் நோவா? ஒம்மகள அங்கனதான பெத்தன்னு. வாயடைச்சுப் போயிட்டா."

பேத்திக்கு மூன்று வயதாம். ராத்திரி இவள் பக்கத்தில்தான் படுக்குமாம். அதன் தாய் வீட்டுக்கும் இந்த ஆத்தா வீட்டுக்கும் நடுவே ஒரு தெருதானாம்.

நல்ல ஷீட்டுகளை இரட்டையாகத் தைத்து, அழுக்குத் துணி போடும் பைகளாக எங்கள் ஆஸ்பத்திரிக்கே திருப்பித் தருகிறாள் சுகன்யா. சின்னத் துண்டுகள் நிலக்கோட்டைப் பூ வியாபாரிகளின் கூடைக்கு உள்விரிப்பு. வெட்டிப்போட்ட மிச்சம் மதுரைக்குப் போய் உருகி, வாளியும் பேசினுமாக வருகிறது. ஒன்றைக் கையில் கொடுத்தாள். என் தியேட்டரிலிருந்து போனது பேசினாகத் திரும்பி வந்திருக்கிறது. பைத்தியக்காரி மாதிரி அதைத் தட்டித் தட்டிப் பார்த்தேன்.

"இந்தப் பக்கம் ஒரு கிளினிக்லயும் தர்றேன்னுட்டாங்க புள்ள. அடுத்து ஒரே சரக்குல கவுன் தைக்கப் போறேன். எலாஸ்டிக் இல்லாம, ஒட்டுப்பட்டி இல்லாம. அப்படியே உருக்கிடலாம். இல்லைன்னா நூறு தடவை துவைக்கற மாதிரி ஒண்ணு. ரெண்டுல ஒண்ணு பண்ணாம விடமாட்டேன்."

ரொம்ப நாளைக்குப் பிறகு நிம்மதியாகத் தூங்கப் போகிறேன்.

15.8.2024

காலையில் மாதா திருநாள் பூசை. அடுத்து ஆஸ்பத்திரியில் கொடியேற்றம். வாசலில் புதுப் பலகை வைத்திருக்கிறார்கள்: "பசுமைப் பாதையில் நம் மருத்துவமனை." பெரிய டாக்டர் நீலப் பையைக் கையில் பிடித்துக்கொண்டு போட்டோ எடுத்துக்கொண்டார். சுகன்யாவை அழைக்கவே இல்லை. என்னைக் கூப்பிட்டு ஓரத்தில் நிறுத்தினார்கள். போட்டோவில் என் தோள் மட்டும் இருக்கிறது.

3.9.2024

பெரிய டாக்டர் இன்று கத்தினார். "கதவு ஆடிக்கிட்டே இருக்கு! யாரும்மா அது, உள்ளயும் வெளியயும்?" டோனி வெள்ளைப் பையை வெளியே வைக்கப் போயிருந்தான். ஒரு நாளைக்கு எத்தனை ஆபரேஷன் சேர்க்கிறார்கள்? ஒருவரை இறக்குவதற்குள் அடுத்தவர் வாசலில் நிற்கிறார்.

"அந்தப் பை மூலையிலயே நிக்கட்டும். எல்லாம் முடிஞ்சப்பறம் எடுத்துக்கலாம்."

அது ஆகாது டாக்டர் என்று சொல்லியிருக்க வேண்டும். சரி டாக்டர் என்றேன்.

11.9.2024

பை மூலையிலேயே நிற்கிறது. ஒன்றும் ஆகவில்லை. நான்தான் அதிகமாகப் பயந்துவிட்டேனோ?

19.9.2024, வியாழன்

ஓர் அம்மாளுக்குக் கர்ப்பப்பை எடுக்கும் ஆபரேஷன். வயிற்றைத் தைத்து முடிக்கும்போது ஊசிக் கணக்கு உதைத்தது. ஒன்று குறைகிறது. வளைந்த ஊசி. தரையெல்லாம் காந்தம் வைத்துத் தடவினோம். டிரேக்களைக் கவிழ்த்தோம். மஞ்சள் பையைக்கூடக் கொட்டிப் பார்த்தாயிற்று. கடைசியில் எக்ஸ்ரே எடுத்தோம். வயிற்றில் இல்லை. மாதாவே, அந்த நிமிஷம் போன உயிர் வந்தது.

"உள்ள இல்லைல்ல? அப்ப எங்கயோ செருப்புல ஒட்டிக்கிட்டுப் போயிருக்கும். விடுங்க" என்றார் பெரிய டாக்டர். விட்டோம்.

வெள்ளைப் பையை யாரும் பார்க்கவில்லை. அது சுத்தமான பை என்றுதான் எல்லார் மனதிலும் பதிந்திருக்கிறதே.

இதை எழுதும்போதுதான் எனக்கே உறைக்கிறது. பையைச் சாயங்காலமே வண்டியில் ஏற்றியாயிற்று. சுகன்யாவுக்கு நாளைக் காலையில் போன் செய்ய வேண்டும்.

20.9.2024

காலையிலேயே ஒரு பெண்ணுக்கு ரத்தப்போக்கு நிற்கவில்லை, அவசர ஆபரேஷன். பிறகு இன்னொன்று. போன் செய்யவில்லை. மறந்தேனா, மறக்க விரும்பினேனா? எங்கள் தியேட்டரில் ஊசி தொலைந்தது என்று வெளியாளிடம் எப்படிச் சொல்வது என்று ஒரு நொடி யோசித்தேன். அது மட்டும் நன்றாக நினைவிருக்கிறது.

21.9.2024, சனி

கருப்பம்மாளுக்குக் குத்திவிட்டது.

மதியம் சுகன்யா போன் செய்தாள். உள்ளங்கையில், கையுறையைத் தாண்டி ஆழமாக. ரத்தம் நிற்காமல் வந்ததாம். வளைந்த ஊசி, நுனியில் நூலோடு. "எந்தப் பையின்னு தெரியல புள்ள. ரெண்டு எடத்துப் பையும் மேசை மேல ஒண்ணாக் கொட்டியிருந்துச்சு." கையைக் கழுவச் சொன்னேன், உடனே அரசாங்கப் பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகச் சொன்னேன். போனார்கள். யாருடைய ரத்தம் என்று தெரியாததால் மஞ்சள் காமாலைக்கு ஊசி போட்டு, எச்.ஐ.வி. வராமலிருக்க ஒரு மாதத்துக்கு மாத்திரை கொடுத்திருக்கிறார்கள்.

யாருடைய ரத்தம் என்று தெரியாதாம்.

எனக்குத் தெரியும். அந்த அம்மாளுக்கு ஆபரேஷனுக்கு முன்பே எச்.ஐ.வி., இரண்டு வகைக் காமாலை என்று மூன்று பரிசோதனையும் எடுத்தோம். மூன்றிலும் ஒன்றும் இல்லை. நானே பார்த்தேன்.

23.9.2024, திங்கள்

காலையில் முதல் வேலையாக இளஞ்செழியனிடம் போய்ச் சொன்னேன். கேட்டுவிட்டுக் கதவைச் சாத்தினார்.

"அந்தப் பேஷன்ட்டுக்கு நோய் ஏதும் இருக்கா?"

"இல்ல சார்."

"அப்ப அந்தப் பொம்பளைக்கு ஒண்ணும் ஆகப்போறதில்ல. ஆகாத ஒண்ணுக்கு நாம ஏன் வாயக் குடுத்து மாட்டணும்? இன்னொரு கிளினிக் பையும் அங்க கெடந்துச்சுன்னு நீங்களே சொல்றீங்க. அது அவங்க ஊசியாவும் இருக்கலாம்ல?"

"நம்ம ஊசிதான் சார். அன்னைக்கு ஒண்ணு கொறைஞ்சுது."

"கொறைஞ்சது தியேட்டர்ல இருந்தவங்களுக்குத்தான் தெரியும். பைய மூலையில வைக்க விட்டது யாரு சிஸ்டர்? இன்சார்ஜ் நீங்கதான?"

பெரிய டாக்டர் சொன்னதால்தான் என்று வாய் வரை வந்தது. அவர் முகத்தைப் பார்த்தேன். அதுவும் அவருக்குத் தெரியும்.

மதியம் தியேட்டர் ஆட்கள் எல்லாருக்கும் பிரியாணிப் பொட்டலம். எதற்கு என்று ஒருவரும் கேட்கவில்லை. டோனி இரண்டு எடுத்துக்கொண்டான். நானும் சாப்பிட்டேன். அதையும் எழுதித்தான் ஆக வேண்டும்.

25.9.2024

சுகன்யா வீட்டுக்கே வந்தாள். முகம் கறுத்துக் கிடந்தது.

"உங்காஸ்பத்திரியில துணி தர்றத நிறுத்திட்டாங்க. போன எடுக்க மாட்டேங்கறாங்க. நீ சொல்லு புள்ள. ஊசி உங்க பையா?"

பவுல்ராஜ் உள்ளறையில் பேப்பரைத் திருப்புவதை நிறுத்தினார். அந்தச் சத்தம் நின்றது எனக்குக் கேட்டது.

"எங்க பைய நாந்தான கட்டுறேன் சுகன்யா? ஆள் வாரதுக்கு முந்தியே வெளிய வச்சிருவோம். எங்களுதா இருக்காது" என்றேன்.

நம்பிவிட்டாள். உடனே நம்பிவிட்டாள். "அதானே, எனக்குத் தெரியுமே. அப்ப அந்த கிளினிக்குதான். இரு, நாளைக்கு அந்த டாக்டருக்கு வெச்சுக்கறேன்" என்றபடி நான் போட்ட காபியைக் குடித்துவிட்டுப் போனாள்.

அவள் போனதும் பவுல்ராஜ் வெளியே வந்தார். "பையன் படிப்பு முடியிற வரைக்கும் பல்லக் கடிச்சுக்க" என்றார். நான் ஒன்றும் கேட்கவே இல்லையே. பதில் மட்டும் வருகிறது.

29.9.2024, ஞாயிறு

பூசைக்கு முன்னால், செய்த பாவத்தைச் சொல்லும் பாவசங்கீர்த்தன வரிசையில் நின்றேன். முறை வருவதற்குள் விலகி வந்துவிட்டேன். சாமியாரிடம் சொல்வது சுலபம். அவர் யாரிடமும் சொல்ல மாட்டார்.

2.10.2024

சுகன்யா போனைக் கருப்பம்மாளிடம் கொடுத்தாள். மாத்திரை ஒத்துக்கொள்ளவில்லையாம்.

"சிஸ்டரு, கொடலே வெளிய வாரமாதிரி வருது. தலை கிறுகிறுங்குது. கண்ண மூடுனா கண்ட கண்ட சொப்பனம். நிப்பாட்டிரவா?"

நிறுத்தக்கூடாது, ஒருநாள்கூட விடக்கூடாது, சாப்பாட்டுக்கு அப்புறம் போடுங்கள், படுக்கப்போகும் முன் போட்டால் மயக்கம் தெரியாது என்று சொன்னேன். சரியான அறிவுரை. எந்தப் புத்தகத்திலும் அப்படித்தான் இருக்கும்.

"நல்லாருப்ப தாயி" என்றாள்.

தேவையே இல்லாத மாத்திரை. நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் பெரியாஸ்பத்திரியிலேயே நிறுத்தச் சொல்லியிருப்பார்கள். ச்சீ. நானெல்லாம் ஒரு நர்ஸா?

3.10.2024

சொல்லிவிடலாம். நாளைக்குச் சொல்லிவிடலாம்.

9.10.2024

சொல்லவில்லை.

அந்த கிளினிக் டாக்டரிடம் சுகன்யா போய்ச் சண்டை போட்டிருக்கிறாள். ஊருக்குள் பேச்சாகி, அங்கே வருகிறவர்கள் குறைந்துவிட்டார்களாம். அவரும் துணி தருவதை நிறுத்திவிட்டார். ஷெட்டில் தையல் மிஷின்கள் சும்மா நிற்கின்றன.

எங்கள் தியேட்டரில் எல்லாம் பழையபடி. பிரிக்கிறோம், மஞ்சள் பையில் போடுகிறோம். வாசலில் அந்தப் பலகை மட்டும் இருக்கிறது. அதை எடுக்க யாருக்கும் தோன்றவில்லை.

20.10.2024, ஞாயிறு

ஒரு மாத மாத்திரை நேற்றோடு முடிந்திருக்கும். ரத்தம் எடுத்துப் பார்ப்பார்கள், ஒன்றும் இருக்காது, அத்தோடு எல்லாம் முடிந்தது என்று நினைத்திருந்தேன். இப்படித்தான் ஒரு மாதமாக என்னை நானே தட்டிக்கொடுத்துக்கொண்டிருந்தேன்: கருப்பம்மாளுக்கு உடம்புக்கு ஒன்றும் ஆகாது, ஒன்றும் ஆகாது.

இன்று சுகன்யா சொன்னாள். பரிசோதனையில் ஒன்றும் இல்லை. ஆனால் மூன்று மாதம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறார்கள். மாத்திரை டப்பாவை யாரோ படித்துச் சொல்ல, அது எந்த நோய்க்கு என்று தெரு முழுக்கத் தெரிந்துவிட்டது. பொன்னழகு குழந்தையை அனுப்புவதில்லை. மருமகன் அவள் வீட்டுப் படி ஏறுவதில்லை. தண்ணீர் பிடிக்கப் போனால் குடங்கள் தள்ளி வைக்கப்படுகின்றன.

உடம்புக்கு ஒன்றும் ஆகவில்லைதான்.

26.10.2024, சனி

செம்பட்டியில் பஸ் மாறிப் போனேன். பவுல்ராஜிடம் சொல்லவில்லை.

கருப்பம்மாள் வாசலில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். பாதி ஆளாகியிருந்தாள். "வா சிஸ்டரு, இம்புட்டுத் தூரம் என்னப் பாக்கவா வந்த?" என்று எழுந்தாள். கையைத் துடைத்துக்கொண்டு, தண்ணீர் கொண்டுவரலாமா வேண்டாமா என்று தயங்கினாள். அந்தத் தயக்கத்தை நான்தான் அவளுக்குக் கொடுத்தது. கேட்டு வாங்கிக் குடித்தேன்.

நின்றுகொண்டே சொன்னேன். உட்கார்ந்தால் சொல்ல மாட்டேன் என்று தோன்றியது.

"அக்கா, அந்த ஊசி எங்க ஆஸ்பத்திரி ஊசி. அந்தம்மாவுக்கு ஒரு நோயும் கெடையாது. ஆபரேஷனுக்கு முந்தியே எல்லா டெஸ்ட்டும் எடுத்துட்டோம். உங்களுக்கு ஒண்ணும் வராது."

கீரையைக் கீழே வைத்தாள்.

"இது எப்பத் தெரியும் ஒனக்கு?"

"அன்னைக்கே."

"குத்துன அன்னைக்கா?"

"ஆமாக்கா."

 என் செருப்பைப் பார்த்தபடி மெதுவாகக் கேட்டாள்: "நாங் கொடலு வெளிய வாரமாதிரி கக்குனப்ப, சாப்பாட்டுக்கு அப்பறம் போடு, ஒருநாளும் விடாதன்னு போன்ல சொன்னது நீதான?"

"நாந்தான்."

"தெரிஞ்சுக்கிட்டே சொல்லியிருக்க."

எனக்கு அழுகை வந்துவிட்டது.

"அழுவாத" என்றாள். சத்தம் போடவில்லை. "நீ அழுதா நாந்தேன் ஒன்னத் தேத்தணும். எனக்கு அதுக்குத் தெம்பில்ல. கண்ணத் தொடச்சுக்க. எங்கிட்டச் சொல்லி என்னா ஆகப்போவுது? எம்மககிட்டச் சொல்லு. எம் மருமகங்கிட்டச் சொல்லு. கிளம்பு."

அடுத்த தெரு. அவள் முன்னால் நடந்தாள், நான் பின்னால். மகள் வீட்டு வாசலோடு நின்றுகொண்டாள், உள்ளே போகவில்லை. பொன்னழகு குழந்தையை இடுப்பில் தூக்கிக்கொண்டாள். நான் முதலிலிருந்து எல்லாவற்றையும் சொன்னேன். ஊசி குறைந்தது, டாக்டர் சொல்லிப் பை மூலையில் நின்றது, நான் போன் செய்யாதது, மேனேஜர் சொன்னது, நான் சுகன்யாவிடம் பொய் சொன்னது. நாலைந்து பேர் கூடிவிட்டார்கள். நடுவில்தான் கவனித்தேன், மருமகன் போனைத் தூக்கிப் பிடித்திருந்தான். நிறுத்தச் சொல்லவில்லை.

சொல்லி முடித்ததும் பொன்னழகு என்னைத் திட்டவில்லை. தாயைப் பார்த்து, "நான் என்னாம்மா பண்ணட்டும், பச்சப்புள்ள இருக்குல்ல..." என்றாள்.  குழந்தைதான் ஆத்தாவைப் பார்த்துக் கையை நீட்டியது. கருப்பம்மாள் அதை வாங்கவும் இல்லை, போகவும் இல்லை. வாசலில் நின்றபடியே இருந்தாள்.

எனக்கு யாரும் பஸ் எத்தனை மணிக்கு என்றுகூடச் சொல்லவில்லை. சாலை வரை நடந்தேன்.

28.10.2024, திங்கள்

வீடியோ எனக்கு முன்பே ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. இளஞ்செழியன் அதைப் போட்டுக் காட்டினார். என் முகம் எனக்கே அந்நியமாக இருந்தது.

"நீங்களா எழுதிக் குடுத்துட்டுப் போறீங்களா, இல்ல நாங்க அனுப்பணுமா?"

"நான் சொன்னதுல எது பொய் சார்?"

"பொய்யின்னு யார் சொன்னா? பைய உள்ள வச்சது உங்க தப்பு. அத நீங்களே ஊரக் கூட்டி ஒத்துக்கிட்டீங்க. நாங்க வேற என்ன சொல்றது?"

அதுதானே? நானே அவர்களுக்கு எடுத்துக் கொடுத்திருக்கிறேன். மேனேஜர் சொன்னது, டாக்டர் சொன்னது எல்லாம் காற்றில் போய்விட்டது. என் வாக்குமூலம் மட்டும் நின்றுவிட்டது.

எழுதிக் கொடுத்தேன். டோனி லிஃப்ட் பக்கம் நின்றுகொண்டு போனில் பேசுவதுபோல் பாவனை செய்தான். போன் காதில் தலைகீழாக இருந்தது. பெரிய டாக்டர் என்னைக் கூப்பிடவே இல்லை. எத்தனை வருஷம் அவர் கைக்குக் கத்தி எடுத்துக் கொடுத்திருக்கிறேன்.

30.10.2024

நாளை தீபாவளி. தெருவெல்லாம் வெடி.

சுகன்யா வந்தாள். கேட்டுக்கு வெளியிலேயே நின்றாள். உள்ளே வா என்றேன். வரவில்லை.

"வீடியோ பாத்தேனுங்க சிஸ்டர்."

சிஸ்டர். ஹாஸ்டலில் நான் காய்ச்சலில் கிடந்தபோது எனக்குக் கஞ்சி ஊட்டியவள்.

"ஒரு தப்பும் பண்ணாத அந்த டாக்டர நான் நடு ரோட்ல நிக்க வெச்சுத் திட்டிட்டு வந்தனுங்க. இன்னைக்குப் போயி அவர் கால்ல விழுகாத குறை. மறுபடி துணி தர்றேன்னுட்டாரு. பெரிய மனுஷன்."

"சுகன்யா..."

"ஊசிய எவனோ கை தவறிப் போட்டான். அதக்கூட விட்டுருவேனுங்க. உங்க வீட்டுக் காபியக் குடிச்சுட்டுத்தானுங்களே நான் போனேன்?"

வண்டியைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டாள்.

2.11.2024

கல்லறைத் திருநாள். அம்மா கல்லறையில் மெழுகுவர்த்தி ஏற்றினோம். காற்றில் அணைந்து அணைந்து போயிற்று. பவுல்ராஜ் இன்றுதான் என்னோடு பேசினார். "சொன்னதுதான் சொன்ன. முதல் நாளே சொல்லியிருந்தா மருவாதையாவது மிஞ்சியிருக்கும்."

பல்லைக் கடித்துக்கொள் என்று சொன்னவர் இவர்தான். ஆனாலும் அவர் சொல்வது சரி. அதுதான் தாங்க முடியவில்லை.

19.11.2024

ஆஸ்பத்திரிக்காரர்கள் கருப்பம்மாள் வீட்டுக்குப் போய்ப் பணம் கொடுத்துப் பேசி முடித்துவிட்டார்களாம். டோனிதான் போனில் சொன்னான். எதற்குச் சொன்னான் என்று தெரியவில்லை. அவளுடைய மறு பரிசோதனைக்கு என்ன ஏற்பாடு என்று கேட்டேன். "அதெல்லாம் எனக்கெப்புடித் தெரியும் சிஸ்டர்" என்றான்.

7.1.2025

பேகம்பூரில் டாக்டர் பாஸிலாவின் நர்ஸிங் ஹோமில் சேர்ந்துவிட்டேன். ஒரே தியேட்டர், பெரும்பாலும் பிரசவம். வீடியோவைப் பற்றித் தெரியுமா என்று நானே கேட்டேன். "தெரியும். அதனாலதான் கூப்பிட்டேன்னும் இல்ல, கூப்பிடாம விட்டுடலாம்னும் இல்ல. எனக்குத் தியேட்டர் தெரிஞ்ச ஆள் வேணும்" என்றார்.

12.3.2025, புதன்

டாக்டர் பாஸிலா சில நாட்களாகவே சொல்லிக்கொண்டிருந்தார், இங்கே சேரும் நீல ஷீட்டையும் யாரிடமாவது கொடுத்துவிட வேண்டும், எரிக்கக் கொடுப்பது மனதுக்குக் கஷ்டமாக இருக்கிறது என்று. நான் வாய் திறக்கவில்லை. அவராகவே விசாரித்து வரவழைத்திருக்கிறார்.

மதியம் ரிசப்ஷனில் சுகன்யா நின்றிருந்தாள். கையில் துவைக்கிற கவுன் ஒன்று, புதிதாகத் தைத்தது. சாம்பல் நிறம். நல்ல நெசவு, கழுத்துப் பட்டி அழகாக உட்கார்ந்திருந்தது. டாக்டர் அதைத் தடவிப் பார்த்துவிட்டு, எத்தனை வேண்டும் என்று அப்போதே சொல்லிவிட்டார். ஷெட் நன்றாக ஓடுகிறதாம். நாலு இடத்திலிருந்து துணி வருகிறதாம். கருப்பம்மாள் மறுபடி வேலைக்கு வந்துவிட்டாளாம். இப்போது அவள்தான் மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறாளாம். கடைசிப் பரிசோதனையும் முடிந்துவிட்டதாம், பேத்தியைத் தினமும் ஷெட்டுக்குக் கூட்டிவந்து ஒரே ரகளையாம். இதையெல்லாம் டாக்டரிடம்தான் சொன்னாள். நான் மருந்து அலமாரிப் பக்கம் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

"அப்ப எங்க ஷீட்டையும் எப்ப இருந்து எடுத்துக்குறீங்க?" என்று டாக்டர் கேட்டார்.

சுகன்யா அப்போதுதான் என் பக்கம் திரும்பினாள். ஒரு நொடிதான்.

"மன்னிச்சுக்குங்க டாக்டர். கவுன் எத்தனை வேணும்னாலும் தைச்சுத் தர்றேனுங்க. துணி மட்டும் இங்கிருந்து எடுக்க முடியாதுங்க."

"ஏன், தூரமா? நாங்களே கொண்டு வந்து குடுத்துடுறோமே."

"தூரம் இல்லைங்க. கருப்பம்மாக்கா பிரிக்க மாட்டேன்னுட்டாங்க. அவங்க மாட்டேன்னா நாங்க எடுக்கறதில்லைங்க."

நான் இங்கே இருப்பது அவர்களுக்கு முன்பே தெரிந்திருக்கிறது. டாக்டருக்குப் புரிந்ததா என்று தெரியவில்லை. மேலே ஒன்றும் கேட்கவில்லை. சுகன்யாவும் காரணத்தைச் சொல்லவில்லை. என் பெயரைச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. கவுனை மடித்து மேசை மேல் வைத்துவிட்டு, எனக்கும் பொதுவாக ஒரு கும்பிடு போட்டுவிட்டுப் போனாள்.

"உங்களுக்கு அவங்களத் தெரியுமா பிரிஸ்கில்லா?" என்றார் டாக்டர்.

"தெரியும் டாக்டர். ஹாஸ்டல்ல ஒரே ரூம்" என்றேன்.

வலி கண்ட பெண் ஒருத்தியை ஆட்டோவில் கொண்டுவந்து இறக்கினார்கள். கை கழுவப் போனேன்.